விலை தெரிஞ்சா போதுமா? கல்லோயாவிலிருந்து கைப்பேசி வரை

ஊர் இளைஞர்கள் சேர்ந்து விவசாயியின் நெல்லையும் தயிரையும் முகநூல், வாட்ஸ்அப் வழியா விற்றுக் கொடுத்தால், இடையில் நிற்கிற வியாபாரியின் பிடி தளரும் என்று நம்மில் பலர் நம்புறோம். நல்ல நம்பிக்கைதான். ஆனா இந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சிக்கிட்டு இறங்கினா பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் பாடம் நம்மட அம்பாறை வாய்க்காலிலேயே இருக்கு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி, வயல் நிலம் பெருகியது. ஆனா 30 வருசத்துக்குள்ள இடதுகரை வாய்க்கால்கள் பழுதாகி, கடைமடைக்குத் தண்ணி வாறதே பெரும்பாடாச்சு. 1981இல் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படிச்சிட்டு வேலையில்லாம இருந்த பட்டதாரி இளைஞர்களை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பினாங்க. போனவங்க அங்கேயே தங்கி, வீடு வீடாப் போய் "என்ன பிரச்சினை?" என்று கேட்டாங்க. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுறவங்களை ஒன்றாக உட்கார வைத்தாங்க. கொஞ்ச நாளில் மேல்மடைக்காரர் தண்ணியை மிச்சம் பிடித்துக் கீழே விடத் தொடங்கினாங்க. அந்த முயற்சியில் இருந்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

கல்லோயாவில் அப்போ கணினி இல்லை. கணினியோடு இதே மாதிரி வேலை நடந்தது கடலுக்கு அப்பால், புதுச்சேரியில். 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இடமும் ஆளும் கிராமமே தரணும் என்பது ஒப்பந்தம். எம்பலம் கிராமத்தில் கோயில் இடம் கொடுத்தது. தொண்டர்களில் பெண்களும் நிறையப் பேர். தானியம் என்ன விலை, விதை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துத் தமிழில் அறிவித்தாங்க. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவருக்குச் சொன்னாங்க.

சரி, விலை தெரிஞ்சா வருமானம் கூடுமா? கேரளக் கடற்கரையில் கூடியது. 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கைப்பேசி பரவியதை ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கரைக்குக் கரை மீன் விலையில் இருந்த வித்தியாசம் சுருங்கியது. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

ஏன் அங்கே பலித்தது? கடலில் நிற்கிற படகு, நல்ல விலை கேட்டதும் அடுத்த கரைக்குத் திரும்பலாம். இறக்காமத்து விவசாயிக்கு அப்படித் திரும்ப ஏலாது. மெசின் வெட்டிக் கொட்டிய ஈர நெல் காத்திருக்காது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு முழு விலையில் கொடுக்கணும் என்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் வரணும். காயப்போடக் களம் வேணும், மழைக்கு மூடிவைக்க இடம் வேணும். உரத்துக்குக் கடன் கொடுத்தவரே நெல்லையும் எடுக்கிறவர் என்றால், போனில் எவ்வளவு நல்ல விலை வந்தாலும் அதைப் பார்க்கத்தான் முடியும்.

அதனால, பேஜ் திறக்கிறதுக்கு முன்னாடி வட்டைக்குள்ள போகணும். யாருக்கு எவ்வளவு கடன், யாரிடம் களம் இருக்கு, எந்தப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே லொறி நிரப்பலாம் என்று கேட்டு எழுதணும். ஈரப்பதனையும் நிறையையும் உள்ளபடி சொல்லணும். அதற்குப் பிறகு போடுற படத்துக்கும் விலைக்கும் தூரத்தில் இருக்கிற ஆலைக்காரரும் மதிப்புக் கொடுப்பார். பெரும்போக வெள்ளாமை வெட்டத் தொடங்கினா யாருக்கும் பேச நேரம் இருக்காது. கேட்கிற வேலையை விதைப்புக் காலத்திலேயே தொடங்கணும்.