டிரைவர் காணவில்லை: விண்டோஸ் 7 திரைச்செய்தியின் இரு பாடங்களும் அந்தமான் சான்றும்

2016 ஜனவரி 15 அன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிரிவுத் தலைவர் டெரி மயர்சன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். புதிய கணினியில் பழைய இயங்குதளம் ஏன் ஏறுவதில்லை என்று கேட்டால் இன்றும் பலர் சொல்லும் விளக்கம் அதில் இருக்கிறது. விண்டோஸ் 7 வடிவமைக்கப்பட்டு 2016-இல் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இன்றைய ஒருங்கிணைந்த சில்லுகள் அது வடிவமைக்கப்பட்டபோது இல்லை. ஆகவே இன்டரப்ட், பஸ், மின்சக்தி நிலைகள் ஆகியவற்றில் புதிய வன்பொருள் பழைய இயங்குதளத்தின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். சுருங்கச் சொன்னால், எல்லாம் வயதின் கோளாறு. இவ்வாசிப்பில் பாதியை ஏற்கிறேன். மறுபாதி, இயலாமையையும் மறுப்பையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

இயலாமைக்கு நீண்ட வரலாறு உண்டு. விண்டோஸ் 95, 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடிய ஏஎம்டி கே6-2 செயலிகளில் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றது. அதற்குள் இருந்த நேரக் கணக்கு அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி, சாட்டா வன்தட்டு ஏஹெச்சிஐ முறையில் இருந்தால் அதைக் காணாமல் நீலத்திரையில் 7பி எண்ணைக் காட்டியது. எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத கணினிகள் வந்த பிறகு, பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றி ஓ.எஸ். போட்டவர்கள் ஏராளம்.

நான் நின்று பார்க்க விரும்புவது விண்டோஸ் 7-இன் ஒரு திரைச்செய்தியை. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் கணினியில் விண்டோஸ் 7 பென்டிரைவைச் செருகினால் முதல் திரை ஒழுங்காக வரும். அதுவரை படித்துக் கொடுப்பது பயாஸ். விண்டோஸின் கெர்னல் பொறுப்பேற்றதும் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் செத்துவிடும். பழைய வட்டமுனை விசைப்பலகை இருந்தால்தான் நிறுவும் பொத்தான் வரை போக முடியும். அதை அழுத்தினால், தேவையான சிடி/டிவிடி டிரைவின் டிரைவர் காணவில்லை, இருந்தால் செருகவும் என்று வரும். அந்தக் கணினியில் சிடி டிரைவே இருக்காது. உண்மையில் காணாமற்போனது, அந்த பென்டிரைவையே படிப்பதற்கான, எக்ஸ்எச்சிஐ என்னும் யுஎஸ்பி கட்டுப்படுத்தியின் டிரைவர்.

இதற்கு ஒரு பாடபேதம் உண்டு. விண்டோஸ் 10 நிறுவலில் இதே இடத்தில் வரும் வாசகம், மீடியா டிரைவர் ஒன்று காணவில்லை, அது டிவிடி, யுஎஸ்பி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் எதற்குரியதாகவும் இருக்கலாம் என்கிறது. முதல் பாடத்தை எழுதியவர்கள் நிறுவல் தட்டு என்றால் சிடி என்றே எண்ணியிருக்க வேண்டும். இவ்வளவில் மயர்சன் சொல்வது சரி, வயது தெரிகிறது. ஆனால் இரண்டு பாடங்களும் செருகவும் என்றுதான் முடிகின்றன. கொடுத்தால் வேலை நடக்கும். விண்டோஸ் 7-க்கான அந்த டிரைவரை இன்டெல்லே வெளியிட்டது. நிறுவல் கோப்புக்குள் அதைச் சேர்க்கும் கருவியையும் தந்தது. எக்ஸ்எச்சிஐ 1.0 வரையறை 2010-இல் வந்தது. 2011 பிப்ரவரியில் வந்த சர்வீஸ் பேக் 1-இல் அந்த டிரைவர் சேர்க்கப்படவில்லை. சர்வீஸ் பேக் 2 வரவே இல்லை. இதை முதுமை என்று எப்படிச் சொல்வது?

2017-இல் விண்டோஸ் 7 காட்டிய செய்தி வேறு இனம். உங்கள் செயலி விண்டோஸின் அண்மைப் பதிப்புக்கென வடிவமைக்கப்பட்டது, இங்கே இனிப் புதுப்பிப்பு கிடைக்காது என்று அது சொன்னது. செருகச் சொல்லி எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணினிகளில்தான் இது தோன்றியது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த புதுப்பிப்பு, தடைசெய்யும் நோக்கமே இல்லாத ஏஎம்டி கரிஸோ செயலிகள் சிலவற்றையும் தடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு பின்னர் சரிசெய்தது. வன்பொருளால் முடியாமற்போன ஒன்றை இப்படி ஒரு புதுப்பிப்பால் திருத்த முடியாது. நடந்தது பெயர்ப்பட்டியல் சோதனை. ஆறாம் தலைமுறைச் செயலிகளில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு தரும் கெடுவும் முதலில் 2017 ஜூலை 17, பிறகு 2018 ஜூலை 17, கடைசியில் 2020 ஜனவரி 14 என்று எட்டு மாதங்களுக்குள் நகர்ந்தது. சில்லு மாறவில்லை; முடிவுதான் மாறியது.

உண்மையான இயலாமையின் எல்லை, பயாஸுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினிகளில் வருகிறது. பழைய பயாஸின் திரைச்சேவையை விண்டோஸ் 7 எதிர்பார்க்கிறது. அதைத் தந்த சிஎஸ்எம் வசதியை 2020-க்குள் நீக்கப்போவதாக இன்டெல் 2017-இல் அறிவித்தது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு காலத்தில் நீக்கியதால் இதற்கு ஒற்றை ஆண்டைக் குறிக்க நான் துணியமாட்டேன்.

வயதும் மறுப்பும் தவிர மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: தூரம். அதற்கு இனி அந்தமான். விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபர் 22. ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்து, அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்த்தா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகள்வரை செல்லும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது 2020 ஆகஸ்ட் 10. அதுவரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. அதாவது விண்டோஸ் 7-இன் ஆதரவுக் காலம் முழுவதும் இத்தீவுகளில் கேபிள் வருவதற்கு முன்பே கழிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் பல ஜிபி பதிவிறக்கம் இருந்தது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு நெட்வொர்க் டிரைவர் வேண்டும். மாற்று வழி, சென்னையிலிருந்து விமானத்திலோ மூன்று நாள் கப்பல் பயணத்திலோ கைமாறி வரும் தட்டும் பென்டிரைவும். தீவுகளில் பழைய பதிப்பு நீடித்திருந்தால் அதற்குப் பிடிவாதத்தைவிடக் கடல்தூரமே பெரிய காரணம் என்பது என் துணிபு. இது தேதிகளை அடுக்கிப் பெற்ற ஊகம். கள எண்ணிக்கையால் நிறுவப்பட்டதல்ல. ஆயினும் வயதை மட்டும் பேசும் மயர்சனின் வாசிப்பில் தூரத்துக்கு இடமே இல்லை.

அபர்தீன் பஜாரிலோ ரங்கத்திலோ கணினி பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மதர்போர்டு பெட்டியோடு வந்த டிரைவர் சிடிகளைக் குப்பையில் போடாதீர்கள். உறையின் மேல் எந்தக் கணினிக்குப் போட்டீர்கள், எந்த ஆண்டு என்று பேனாவால் எழுதி வையுங்கள்.