பீர்ப் பீப்பாயில் போன கடிதம்

ரகசியக் கடிதம் என்றாலே எனக்கு ஸ்காட்லாந்து ராணி மேரியின் ஞாபகம்தான் வரும். இங்கிலாந்தில் 18 ஆண்டுகள் காவலில் இருந்தவர். எலிசபெத் ராணியைக் கொன்று இவரை விடுவிக்க, 1586-இல் ஆண்டனி பாபிங்டன் என்ற இளைஞர் திட்டம் போட்டார். சங்கேதக் குறிகளில் எழுதிய கடிதங்கள் பீர்ப் பீப்பாயில் ஒளிந்து போய்வந்தன.

அந்த வழியை ஏற்பாடு செய்ததே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கமின் ஆட்கள்தான்! அவரிடம் வேலைபார்த்த தாமஸ் ஃபெலிப்ஸ் குறிகளை உடைத்துப் படித்தார். கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டு, மேரி எழுதியதுபோல் ஒரு பின்குறிப்பும் அதே குறிகளில் சேர்க்கப்பட்டது.

1587 பிப்ரவரி 8-இல் மேரியின் தலை துண்டிக்கப்பட்டது. யாராலும் படிக்க முடியாது என்ற தைரியம் இல்லாவிட்டால், அவர் அப்படி மனம்திறந்து எழுதியிருப்பாரா? கள்ளச்சாவி போட்டுத் திறக்கக்கூடிய பூட்டைவிட, பூட்டில்லாத கதவே மேல் என்பேன். அங்கே நாமாவது விழிப்பாக இருப்போம்.