தமிழ் முன்னிருப்புக் குறியாக்கம்

பயனர் தனியாக எதையும் குறிப்பிடாதபோது, எந்த மொழி வழக்கில், எந்தக் குறியாக்கத்தில் எழுத்துகளைக் கையாள்வது என்று இயங்குதளத்தின் அடிப்படை நூலகம் கொள்ளும் ஏற்பாடு. லினக்ஸில் இது குனு சி நூலகத்தின் ‘லோக்கேல்’ கோப்புகளில் அமைகிறது. அகரவரிசை, நாள், மாதப் பெயர்கள், பண மதிப்பு எழுதும் முறை ஆகியவையும் அவற்றிலேயே அடங்கும்.

1980களில் கனடாவின் கி. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு முதலிய மென்பொருள்கள் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி குறியாக்கம் 1991இல் இந்தியத் தரமாயிற்று. அதன் முந்தைய 1988 வடிவத்தைத் தழுவியே, உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் நடத்திய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியாக்கத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, தமிழ்நாடு அரசு அவ்வாண்டு ஜூனில் ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. ஆயினும் இணையத்தில் திஸ்கி நிலைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை அதில் வெளியிட்டது பெருங்காரணம் எனலாம்.

திஸ்கி, ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டு, மேல் 128 இடங்களில் தமிழை வைத்தது. அவ்விடங்கள் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரியவை என்பதே அன்றைய உலாவிகளின் முன்னிருப்பு. திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காத திரையில் திருக்குறளும் கொம்பும் புள்ளியும் ஏறிய லத்தீன் எழுத்துக் குவியலாகவே தெரிந்தது. 173ஆம் இடத்தில் இருந்த இகரத்தின் இடர் தனியே குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியக் குறியாக்கத்தில் அவ்விடம் வரி முறியும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்கோட்டுக்கு உரியதாதலால், சில உலாவிகளில் இகரம் மட்டும் காணாமற்போனது. ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆனது.

இயங்குதள அளவில், லினக்ஸ் முதலியவற்றின் திரைக் காட்சிக்கான எக்ஸ் சாளர முறையில் திஸ்கிக்கென இந்தியத் தமிழ் லோக்கேல் ஒன்று இருந்தது. பயனர் இடைமுகங்களுக்கான கியூட்டி நூலகத்திலும் திஸ்கிக் குறியாக்கி சேர்ந்தது. குனு சி நூலகத்துக்கு 2002இல் நிரலாளர் புரூனோ ஹைபிள், திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றியை எழுதினார். அது எளிய வேலையன்று. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைக்கிறது. ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. ‘கோயில்’ என்பதில் திஸ்கிக்கு முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால்; ஒருங்குறிக்குக் ககரமும் ஓகாரக் குறியும். ஆகவே மாற்றி, கொம்பைக் கண்டதும் அதை நிறுத்திவைத்து, பின்வரும் மெய்யையும் காலையும் பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். அச்சொல் திஸ்கியில் 6 பைட்டு, ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் 18 பைட்டு.

அதே 2002இல் ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 யூ.டி.எஃப்-8ஐ முன்னிருப்பாக்கியது. குனு சி நூலகத்தின் இந்தியத் தமிழ் லோக்கேலும் யூ.டி.எஃப்-8இலேயே அமைந்தது. எழுத்துருவைப் பயனரே பொருத்திப் பார்க்கும் தொல்லை இதனால் படிப்படியாக நீங்கியது. மதுரைத் திட்டமும் பின்னர் ஒருங்குறிக்கு வந்தது. திஸ்கி 1.7, இணையக் குறியாக்கப் பெயர்களைப் பதியும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் இடம்பெற்றது 2007இல்தான். அப்போது அதன் பயன்பாடு அருகத் தொடங்கிவிட்டது.

ஒருங்குறியில் போலன்றி உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டுமா என்பது கருத்து வேறுபாடுடையது. வேண்டும் என்போர், இடமும் நேரமும் மிச்சமாகும், இலக்கணப் பகுப்பு எளிதாகும் என்பர். மறுப்போர், உலகத் தரத்தினின்று விலகுவது பெரிய இழப்பு என்பர். கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அதன் தனிப்பயன் பகுதியில் உயிர்மெய்களுக்குத் தனியிடம் தந்து அமைந்த ‘டேஸ்16’ குறியாக்கத்தையும் சேர்த்தே தரமாக்கியது.

2019இல் ஒருங்குறி 12.0 தமிழ்ப் பின்னங்கள், அளவைகள் முதலிய 51 குறிகளைச் சேர்த்தது. 2022இல் குனு சி நூலகம் 2.35 மொழி சாராத யூ.டி.எஃப்-8 லோக்கேலைத் தந்தது. ஜாவா நிரல்மொழியின் 18ஆம் பதிப்பும் யூ.டி.எஃப்-8ஐ முன்னிருப்பாக்கியது.

திஸ்கி மாற்றி குனு சி நூலகத்தில் இன்றும் உள்ளது. பழைய திஸ்கிக் கோப்புகளை ‘ஐகான்வ்’ கட்டளையால் ஒருங்குறிக்கு மாற்றலாம். தாம், தாப் கோப்புகளுக்கு அந்த வசதி அதில் இல்லை. தனி மாற்றிகளையே நாட வேண்டும்.