கொஹிமாக் குன்றின் நினைவுக் கற்கள்

நாகாலாந்தின் தலைநகரான கொஹிமா, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் மலைமுகட்டின்மேல் அமைந்த ஊர். அங்கே காரிசன் குன்று என்று ஒரு குன்று இருக்கிறது. காவற்படை தங்கிய குன்று என்பது அப்பெயரின் பொருள். அதன் சரிவைப் படிப்படியாக வெட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள். அந்தப் படிகளில் 1,420 வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஒரு முற்பகலில் அக்குன்றை ஏறி இறங்கியபோது என் உள்ளத்தில் எழுந்த கேள்வியை நேயர்களிடம் சொல்ல விரும்புகிறேன். போரில் மாண்டவர்களுள் எவர்க்குக் கல் நாட்டப்படுகிறது, எவர்க்கு நாட்டப்படுவதில்லை என்பதே அக்கேள்வி.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், சாட்டோ என்னும் தளபதியின் தலைமையில் ஜப்பானியரின் 31-ஆவது டிவிஷன் பர்மா எல்லை மலைகளைக் கடந்துவந்து கொஹிமாவை முற்றுகையிட்டது. திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து இம்பாலுக்குச் செல்லும் சாலை இவ்வூர் வழியே போகிறது. கொஹிமா வீழ்ந்தால் இம்பாலிலிருந்த படைக்கு உணவும் வெடிமருந்தும் செல்ல வழியில்லை. திமாப்பூர்க் கிடங்குகளும் பகைவர் கைப்படும். வந்த படை பன்னீராயிரத்துக்கு மேற்பட்டது. குன்றிலே போரிடத் தக்கவராக இருந்தவர் ஏறத்தாழ 1,500 பேர். ராயல் வெஸ்ட் கென்ட் படையினர், அஸ்ஸாம் ரெஜிமெண்டினர், அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர் முதலியோர் அவர்கள். குடிநீர் வரும் வழி அடைபட்ட நிலையிலும் அவர்கள் தளரவில்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி பஞ்சாப் ரெஜிமெண்டு வீரர்கள் உதவிக்கு வந்து சேர்ந்தனர்.

முற்றுகை நீங்கிய பின்னரும் போர் நீங்கவில்லை. டெபுடி கமிஷனரின் பங்களாவை ஒட்டியிருந்த டென்னிஸ் ஆடுகளத்தின் இரு பக்கங்களிலும் இரு தரப்பாரும் குழி தோண்டி, வாரக்கணக்கில் எதிரெதிரே கிடந்தனர். மே 13-ஆம் தேதி ஒரு டாங்கியை மேட்டின்மேல் கொண்டுவந்த பிறகே அவ்விடம் மீண்டது. ஆடுகளத்தின் கோடுகளைக் கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே குறித்து வைத்திருக்கிறார்கள். ஜூன் 22-ஆம் தேதி இம்பால் சாலை திறந்தது. அதற்குள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்திருந்தனர். ஜப்பானியர் தரப்பில் 5,000-க்கும் மேல்.

இத்தோட்டத்தில் பதவியால் உயர்வு தாழ்வு இல்லை. விக்டோரியா கிராஸ் பெற்ற ஹார்மன் லான்ஸ் கார்ப்பொரல். அவ்விருதையே பெற்ற ராண்டில் காப்டன். இருவரும் மற்றவர்களோடு மற்றவர்களாகவே இங்கு உறங்குகின்றனர்.

குன்றின் உச்சிக்குச் சென்றேன். அங்கே கல்லறை இல்லை. பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு உரியது அது. நெருப்பு உடலைக் கொண்டுபோய்விட்டது, எஞ்சியவை எழுத்துக்களே. இவர்கள் எந்தெந்தக் கிராமத்து மைந்தர்களோ! கொஹிமாப் போர் என்றதும் நூல்களில் முதலில் வருகின்ற பெயர்கள் இவர்களுடையவை அல்ல.

கீழே வாயிலருகில் பிரிட்டிஷாரின் 2-ஆவது டிவிஷனுக்காக நாட்டிய ஒற்றைப் பெருங்கல் நிற்கிறது. அதை இழுத்து வந்து நிறுத்தியவர்கள் நாகர்கள். இறந்தோர்க்குப் பெருங்கல் நாட்டுவது அவர்களுக்குப் பழைய வழக்கம். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த தமிழருக்கு இது விளங்காத செய்தியன்று. போர்க்காலத்தில் வழி காட்டியவர்களும், மூட்டை சுமந்தவர்களும், காயமுற்றோரைச் செங்குத்தான சரிவுகளில் தோளேற்றி இறக்கியவர்களும் அவர்களே. அவர்களுடைய வீடுகளும் வயல்களுமே போர்க்களமாயின. ஆனால் இது படைவீரர்க்கான தோட்டம். மாண்ட குடிமக்களின் பெயர்களை இங்கே தேடிப் பயனில்லை. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்தார் சிலரும் இந்நாட்டின் விடுதலையை எண்ணியே வந்தார்கள். அவர்களுக்கும் இத்தோட்டத்தில் இடமில்லை.

இதனால் இந்த நினைவிடத்தின் பெருமை குறைந்துவிடாது. கற்களைப் பேணுகிறவர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். கல்லில் ஏறாத பெயர்களைத் தேடி எழுதுவது வரலாறு எழுதுவோரின் கடமை. அது இன்னும் எஞ்சியிருக்கிறது.

கொஹிமாவுக்குச் செல்லும் வாய்ப்பு நேயர்களுக்குக் கிடைத்தால், வாயிலோடு நின்றுவிடாமல் உச்சிவரை ஏறுங்கள். அங்குள்ள 917 பெயர்களில் ஒன்றையேனும் வாய்விட்டுப் படித்துவிட்டு இறங்குங்கள்.