கொசுவின் கருவில் குடிகொண்ட நுண்ணுயிர்

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றைக் கொசுவை விடுத்து எழுதுதல் இயலாது. பால்மரம் நடுவதற்காகக் காடழித்த நம் முன்னோருள் மலைக்காய்ச்சலால் மாண்டோர் பலர். 1901ஆம் ஆண்டில் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடியச் செய்து அக்காய்ச்சலைத் தணித்தார். அதுமுதல் நீரை வடித்தலும், எண்ணெய் ஊற்றுதலும், மருந்து தெளித்தலுமே கொசுவை வெல்லும் வழிகள் எனக் கருதி வந்தோம். பகைவனின் உடலுக்குள்ளேயே நமக்கொரு துணை இருக்கக்கூடும் என்று அன்று எவர் எண்ணினார்?

1924ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹெர்டிக், வோல்பாக் என்னும் இருவர் கியூலெக்ஸ் கொசுவின் சூலகத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டனர். 1936இல் ஹெர்டிக் அதற்கு வோல்பாக்கியா எனப் பெயரிட்டார். அது எந்த நோயையும் தரவில்லை. ஆகவே நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே.

இதற்கிடையே ஜெர்மானிய அறிஞர் லாவென் ஒரு புதிர் கண்டார். வெவ்வேறு ஊர்களின் கியூலெக்ஸ் கொசுக்களை இணைத்தபோது சில இணைகளின் முட்டைகள் பொரிக்கவேயில்லை. ஆணையும் பெண்ணையும் ஊர் மாற்றி இணைத்தால் அவையே பொரித்தன! இவ்வியல்பைக் கொண்டு அவர் பர்மாவின் ஓக்போ சிற்றூரில் கொசுக்களை ஒழித்துக் காட்டிய செய்தி 1967இல் வெளிவந்தது. காரணம் அன்று விளங்கவில்லை. 1971இல் யென், பார் என்போர், 1924இல் கண்ட அந்நுண்ணுயிரே காரணம் என்ற கருத்தை முன்வைத்தனர். அது பின்னர் உறுதிப்பட்டது.

வோல்பாக்கியா தாயின் முட்டை வழியே மட்டும் அடுத்த தலைமுறையை அடையும். தந்தை வழியே அடையாது. ஆயினும் ஆணின் விந்தை அது மாற்றிவிடுகிறது. அவ்வாண், நுண்ணுயிரற்ற பெண்ணோடு சேரின் முட்டைகள் மடியும். நுண்ணுயிருள்ள பெண்ணோடு சேரின் பிழைக்கும். எனவே அதனைத் தாங்கிய பெண்களின் வழித்தோன்றல்களே தலைமுறைதோறும் பெருகுகின்றன. கூட்டுவாழ்வு என்றால் இரு தரப்பும் நலம் பெறுதல் என்றே யான் பல்லாண்டு கற்பித்தேன். அது பிழை. இந்நுண்ணுயிர் கொசுவுக்கு நன்மை செய்தே பரவவில்லை. தன்னை ஏற்காத பெண்ணின் சந்ததியை அழித்தும் பரவுகிறது. மேலும், பூச்சிகளின் குலமரபும் இதன் குலமரபும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆதலின், ஓரினம் விட்டு மற்றோரினத்துக்கு இது பலமுறை தாவியிருத்தல் வேண்டும்.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இது இயல்பாகக் காணப்படுவதில்லை. அதன் உறவினமான ஏடிஸ் அல்போபிக்டசில் உண்டு. 2005இல் ஆய்வாளர்கள் இந்த உறவினத்தின் நுண்ணுயிரை ஏடிஸ் எஜிப்தியின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தி நிலைபெறச் செய்தனர். இயற்கை காலந்தோறும் செய்துவந்த தாவலை மனிதக் கை செய்தது எனலாம். வோல்பாக்கியா குடிகொண்ட கொசுவில் டிங்கி நச்சுயிர் செழிப்பதில்லை என்பதும் 2009இல் தெளிவாயிற்று. 2017 முதல் சிலாங்கூரில் இத்தகைய கொசுக்கள் பறக்கவிடப்பட்டன. அவ்விடங்களில் டிங்கி நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு குறைந்ததாக 2019இல் அறிக்கை வெளிவந்தது. 2022இல் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையமும் இத்தகைய கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது.

திரிங்காப்பின் குளிரில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்பார் உளர். நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பிழைப்புத் தேடி இறங்குவது சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்குமே. காய்ச்சல் அங்கே காத்திருக்கிறது. பயனற்றதென ஒதுக்கப்பட்ட 1924ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு, இன்று அவர்களுக்கு ஓரளவு காவலாய் நிற்கிறது. ஆகவே, "இதனால் என்ன பயன், ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவன் வினவும்போது, இவ்வரலாற்றைச் சொல்லுதல் ஆசிரியர்க்குத் தகும்.