உறையூருக்கு எதுக்குங்க டபிள்யூ?

சின்ன வயசில் இங்கிலீஷிலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை எங்க ஊர் பேருதான். டபிள்யூ, ஓ, ஆர், ஏ, ஐ, ஒய், யூ, ஆர். சோழன் தலைநகரம்னு பீத்திக்கிற ஊருக்கு இப்படி ஒரு ஸ்பெல்லிங்கா? வெள்ளைக்காரன் வாய்க்கோணல்தான் காரணம்னு கறுவிக்கிட்டு இருந்தேன். ஒரு சான்றிதழில் டபிள்யூ, இன்னொன்றில் யூ. ரெண்டும் ஒரே ஊர்தான் என்று நிரூபிக்க ஓர் அலுவலகத்துக்கு மூணு நாள் அலைஞ்சவன் வேற என்ன செய்வான்?

வெளியூர்க்காரன் நம்ம பேரைக் கடிச்சுத் துப்புவது புதுசில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் ‘அர்கரு’ என்று வருகிறது. அங்கே கிடைத்த மெல்லிய துணிக்கே ஊர் பேரைத்தான் வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் தாலமி ‘ஒர்த்தூரா’ என்கிறார். ரெண்டுமே உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. 1750களின் திருச்சி முற்றுகைச் சண்டைகளை எழுதிய ராபர்ட் ஓர்ம் ‘வாரியோர்’ ஆக்கிவிட்டார். கேட்டா ஏதோ சண்டைக்காரன் பேரு மாதிரி இருக்கு!

திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’ ஆன கதை தெரியும்தானே. அது சுருட்டுக்கும் பேராகி, 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நாவலில் சாம்பலைப் பார்த்தே துப்பு சொல்லும் அளவுக்குப் போச்சு. அவங்க ‘செரூட்’டே நம்ம சுருட்டுதான்.

2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒரு வாரத்தில் வாபஸ்.

என் கோபத்தை இறக்கினது எங்க பாட்டிதான். பஸ்ஸில் “வொறையூருக்கு ஒண்ணு குடுப்பா” என்று கேட்கும். அன்னைக்குத்தான் உறைச்சுது (சிலேடை தானா வந்தது, மன்னிக்கவும்). உடம்பு ஒடம்பு, உலக்கை ஒலக்க, உறவு ஒறவு, அப்போ உறையூர் ஒறையூர். முதலில் வரும் ‘ஒ’வுக்கு உதடு குவியும்போது முன்னாடி லேசா ஒரு ‘வ்’ ஒட்டிக்கும். ‘ஒண்ணு’ன்னு சத்தமா சொல்லிப் பாருங்க. ஆக அந்த டபிள்யூ வாய்க்கோணல் இல்லை. தெருவில் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கான் எவனோ ஒரு குமாஸ்தா. ஏட்டுத் தமிழ் படிச்ச நான்தான் பாட்டி வாயைக் கவனிக்கலை.

போன மாசம் ஒரு விண்ணப்பத்தில் ஊர் பேர் கேட்டிருந்தது. டபிள்யூ போட்டுத்தான் எழுதினேன்.

டிஸ்கி: ‘டிரிச்சினாப்பொலி’யை மட்டும் இன்னும் மன்னிக்கலை :)