கேள்வி கேட்டவர்களும் தொடரை நிறுத்தியவர்களும்

இணையச் செய்திகளில் வாசகர் கருத்துகள் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால், தேடல் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதாவிடம் போய் நின்றது. ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' வாசகர் கேள்விகளாலேயே ஓடிய பகுதி. ஆனால் வந்த கேள்விகளில் எது அச்சேறும் என்பது பத்திரிகை கையில். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மாடரேஷன் க்யூ.

குமுதத்தில் நடந்தது வேறு. 1857 கிளர்ச்சியை வைத்து அவர் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடர், ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதாக எழுந்த எதிர்ப்பில் சில வாரங்களிலேயே நின்றுபோச்சு. பிறகு மாற்றி எழுதி 'ரத்தம் ஒரே நிறம்' ஆக வந்தது. வாசகர் பங்கேற்பு என்று இனிப்பாகச் சொல்கிறோமே, இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கணும். கேள்வி அனுப்பியவர்களை மட்டும் எண்ணினால் வரலாறு பாதிதான்.

அப்புறம் அம்பலம் இணைய இதழில் வாசகர்களோடு நேரடி அரட்டை. தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம்; தட்டினால் உடனே அவர் கண்ணில் படும். எதற்குப் பதில் சொல்வது, எதைத் தாண்டிப் போவது என்பதை அந்த நொடியே அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது.